சாட்டையடிக்கு ரசீது உண்டா?
பெரியவர்கள் பேசட்டும்! நாம் எழுதி வைப்போம்!



குறுவை அறுப்பும் சம்பா நடவும் ஒன்றாக நெருக்குகிற நேரத்தில் கையில் ஒரு நோட்டீசைத் திணிக்கிறார்களே என்று சலித்துக்கொள்ள வேண்டாம். உரத்துக்கும், தண்ணீருக்கும், கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் சொல்லி இழுத்தடிப்பதற்கும் தனியாகப் போராடிக்கொண்டுதான் இருக்கிறோம். இது வேறு சங்கதி. ஆனால் அந்தப் போராட்டங்களுக்கெல்லாம் வேர் இதில்தான் இருக்கிறது.

போன வருடம் நம்ம ஒன்றியத்தில் ஒரு பெரியவர் காலமானார். வயசு தொண்ணூறுக்கு மேல். பண்ணையாளின் மகன். தானும் பொடிப்பையனாகப் பண்ணை மாடு மேய்த்தவர். தன் தெருவில் செங்கொடி ஏறிய நாளைக் கண்ணால் பார்த்தவர். "வந்து உக்காந்து கேளுங்கப்பா, எழுதிக்குங்க" என்று நம்மிடம் மூன்று தடவை சொன்னார். நடவு முடியட்டும் என்றோம். பிறகு அறுப்பு முடியட்டும் என்றோம். அறுப்பும் முடிந்தது. மாலை வாங்கிக்கொண்டு போனோம். அவர் சொல்ல நினைத்ததெல்லாம் அவரோடு போய்விட்டது.

இந்தத் தப்பு சங்கத்துடையது. செயலாளர் முதல் கிளை வரை எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு. இனி ஒரு பெரியவரையும் அப்படி இழக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்த நோட்டீஸ்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

தஞ்சைச் சீமையில் 1943-ல் தென்பரை கிராமத்தில் மடத்து நிலக் குத்தகைக்காரர்கள் சங்கம் வைத்தார்கள். 1944-ல் மன்னார்குடியில் மிராசுதார்களும் சங்கமும் அதிகாரிகள் முன்னிலையில் ஒப்பந்தம் போட்டார்கள். பண்ணையாளைச் சாட்டையால் அடிப்பதும், சாணியைக் கரைத்து வாயில் ஊற்றுவதும் இனிக் கூடாது என்று ஆனது. அன்றைக்குப் பத்து வயசுப் பிள்ளைக்கு இன்றைக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. வெண்மணி எரிந்தது 1968 டிசம்பர் 25. அன்றைக்குப் பன்னிரண்டு வயசாக இருந்தவருக்கு இன்று எழுபதை எட்டும் வயசு. இந்த நோட்டீசை எழுதுகிற நாமே வெண்மணிக்குப் பிறகு பிறந்தவர்கள்தான். பார்த்தவர்கள் சொல்லி நாம் கேட்டோம். நம் பிள்ளைகளுக்கு யார் சொல்வார்கள்?

சட்டம் வானத்திலிருந்து விழுந்ததா?

இப்போது ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. "அந்தக் காலத்துல மிராசுதாரர் நல்லவரு, மனசு வச்சுக் கொடுத்தாரு. பிறகு சர்க்கார் கொடுத்துது. இதுல சங்கம் எங்க வந்துது?" என்று டீக்கடையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். பேசுகிறவர் சிலர் நம்ம வீட்டுப் பிள்ளைகள்தான்.

கொஞ்சம் பொறுங்கள். 1952 ஆகஸ்டில் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது. பிறகு அதுவே முழுச் சட்டமானது. வெளியேற்றப்பட்ட சாகுபடிக்காரர் திரும்ப நிலத்துக்கு வர வழி செய்தது. விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு உழுதவனுக்கு என்றது. 1955-ல் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம். 1956-ல் நியாயக் குத்தகைச் சட்டம் வந்து, நஞ்சையில் நிலக்காரனுக்கு நாற்பது, உழுதவனுக்கு அறுபது என்று கணக்கைத் திருப்பிப் போட்டது. 1980-ல் நிலக்காரன் பங்கு இருபத்தைந்தாகக் குறைந்தது. குத்தகைப் பதிவேட்டுக்குச் சட்டம் 1969-ல். பண்ணை நிலத்தில் குடியிருந்தவருக்கே குடிமனை சொந்தம் என்ற சட்டம் 1971-ல்.

நூறு கலம் கண்டுமுதலில் நாற்பது, பிறகு அறுபது, பிறகு எழுபத்தைந்து. ஒவ்வொரு படிக்கும் ஒரு விலை கொடுத்திருக்கிறோம். களப்பாள் குப்பு சிறையிலேயே செத்தார். வாட்டாக்குடி இரணியனையும் ஜாம்பவானோடை சிவராமனையும் 1950-ல் சுட்டுக் கொன்றார்கள். கன்னட தேசத்திலிருந்து வந்து, நம்ம சேரியில் தங்கி, நம்ம கஞ்சியைக் குடித்து, நிமிர்ந்து நில் என்று சொல்லிக் கொடுத்த பி.சீனிவாசராவ் 1961-ல் மறைகிறவரை ஓயவில்லை. இது யார் மனசு வைத்துக் கொடுத்த தானம்?

போராடி வாங்கியதைப் பிச்சை என்று நம்ப வைத்துவிட்டால், திரும்பப் பிடுங்குவது சுலபம். பிச்சையை நிறுத்தினால் யாரும் கேள்வி கேட்க முடியாதல்லவா?

நாங்கள் கேட்டதில் கொஞ்சம்

பெரியவர் போன பிறகுதான் புத்தி வந்து நாலைந்து கிளைகளில் உட்கார்ந்து கேட்டோம். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

ஒரு பாட்டி சொன்னார்: "எங்கப்பாருக்குச் சாணிப்பாலு குடுத்த அன்னிக்கு எனக்கு ஏழெட்டு வயசு. யாரும் எங்கிட்ட சொல்லல. ராத்திரி வந்தாரு. கஞ்சி வேணாம்னாரு. வயிறு சரியில்லன்னாரு. எங்கம்மா அவரைத் திரும்பிப் பாக்காமயே கலயத்தைக் கவுத்து வச்சுது. ஏன்னு பெரியவளான பொறவுதான் எனக்குத் தெரியும்."

ஒரு தாத்தா சொன்னார்: "மன்னார்குடியில கையெழுத்து ஆச்சுன்னு சேதி வந்துது. எங்க தெருவுல மூணாப்பு படிச்ச பையன் ஒருத்தன்தான். அவன் நோட்டீசை எழுத்துக் கூட்டிப் படிச்சான். மறுநாள் தண்ணி பாய்ச்ச லேட்டாயிடுச்சுன்னு காரியக்காரர் சாட்டையை ஓங்கினாரு. எங்க மாமா குனியல. 'கையெழுத்துப் போட்டாச்சுங்க ஆண்டே'ன்னாரு. ஓங்குன கை அப்படியே நின்னுச்சு. அவ்வளவுதான் நடந்துது. ஆனா நாங்கள்லாம் அன்னிக்கு ராத்திரி தூங்கல."

குத்தகைச் சாகுபடிக் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் சொன்னார்: "சட்டம் வந்த வருசந்தான் புயலும் வந்துது, அம்பத்திரெண்டுப் புயல். அதுக்கு முன்னாடி எங்களை நிலத்தை வுட்டு எறக்கிட்டாங்க. எங்கப்பா திரும்பி ஏர் கட்டப் போனப்ப, வரப்புல நின்னு காவலு காத்தது யாருங்கிறீங்க? சேரிக்காரங்க. அவங்க வல்லேன்னா நாங்க வயல்ல கால் வச்சிருக்க முடியாது."

வெண்மணிக்குப் பக்கத்து ஊரிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு அம்மா சொன்னார்: "ராத்திரி தூரத்துல வானம் செவந்து கெடந்துது. போர் பத்திக்கிச்சுன்னு நெனச்சோம். காலையில பெரியவங்க போயிட்டு வந்தாங்க. ஒருத்தரும் வாயத் தொறக்கல. அன்னிக்கு எங்க தெருவுல எந்த வீட்டுலயும் உலை வைக்கல."

இதெல்லாம் எந்தப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்கிறது?

காகிதம் எங்கே என்று கேட்கிறவர்களுக்கு

நம்ம பக்கத்துச் சாகுபடிக்காரர் ஒருவர் பதிவேட்டில் பெயர் ஏற்ற ஓர் அலுவலகத்துக்குப் போனார். மூணு தலைமுறையாக உழுகிற நிலம். "குத்தகை அளந்த ரசீது எங்கே?" என்றார்கள். இன்னொரு இடத்தில், நாலு தலைமுறையாகக் குடியிருக்கிற மனைக்குப் பட்டா கேட்ட பெண்ணிடம், "உங்க தாத்தா பண்ணையாளா இருந்ததுக்கு என்ன ஆதாரம்?" என்றார்கள்.

நாம் கேட்கிறோம்: களத்தில் நெல்லை அளந்து வாங்கியவன் எந்த வருடம் ரசீது கொடுத்தான்? கேட்டால் "எம்மேல நம்பிக்கை இல்லையாடா?" என்பான். சாட்டையடிக்கு ரசீது கொடுத்தானா? சாணிப்பாலுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தானா? எழுதப் படிக்கக் கூடாது என்று நம்மை வைத்திருந்துவிட்டு, இன்று எழுத்து எங்கே என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

பெரியவர் வாய்மொழியை எழுதி வைத்தால் அதுவே வழக்கை ஜெயித்துக் கொடுத்துவிடும் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டோம். பத்திரம் பத்திரம்தான். ஆனால் நிலத்துக்கு யார், எந்த வருடம், எந்த எல்லையில் உழுதார்கள் என்று சொல்லக்கூடிய கடைசி ஆளும் போய்விட்டால், மனு எழுதவே விவரம் இருக்காது.

வெண்மணியில் நடந்தது என்ன?

கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டார்கள். செங்கொடியை இறக்க மாட்டோம் என்றார்கள். ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்து போனார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். தப்பியவர்கள் கோர்ட்டில் ஏறிக் கண்ணால் பார்த்ததைச் சொன்னார்கள். கீழ்க்கோர்ட் 1970-ல் தண்டனை கொடுத்தது. 1973-ல் உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. பெரிய நிலச்சொந்தக்காரர்கள், வசதி படைத்தவர்கள், தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லையாம்!

செல்வாக்கு உள்ளவன் செய்திருக்க மாட்டான் என்பதை நம்ப முடிந்தது. வெந்த உடம்பை அடையாளம் காட்டியவன் சொன்னதை நம்ப முடியவில்லை. அன்று கோர்ட் கேட்கவில்லை என்று ஐம்பது வருடமாக மேடையில் பேசுகிறோம். சரி, நாம் கேட்டோமா? திண்ணையில் பேச ஆரம்பிக்கிற பாட்டியிடம் "சும்மா கெட ஆத்தா, பழைய கதை" என்று சொல்லி டி.வி. சத்தத்தைக் கூட்டுகிறோமே, நாமும் அந்தக் கோர்ட்டைத்தான் வீட்டுக்குள் நடத்துகிறோம்!

நம் வீட்டுக் கதையையும் சொல்லுவோம்

"பழசைக் கிளறினா ஊர்ல சாதிச் சண்டை வரும்" என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். அவர்களுக்கு நேராகவே பதில் சொல்கிறோம். இந்தச் சங்கத்தில் குத்தகைச் சாகுபடிக்காரரும் இருக்கிறோம், கூலித் தொழிலாளரும் இருக்கிறோம். சாகுபடிக்காரர் வீடுகளில் சில தாத்தாக்கள் காரியக்காரராக இருந்தார்கள். சாட்டை பிடித்த கை அவர்கள் கை. அதை மறைக்க மாட்டோம். சங்கம் வைத்து ரொம்ப வருடம் கழித்தும் நம்ம கடைத்தெருவில் தனிக் கிளாஸ் இருந்தது. அதை எடுக்க நம்ம ஆட்களே தயங்கினார்கள். அதையும் எழுதுவோம்.

நல்லதை மட்டும் எழுதினால் அது கல்யாணப் பத்திரிகை. சாட்டை பிடித்ததையும் எழுதுவோம், வரப்பில் காவல் நின்றதையும் எழுதுவோம். இரண்டையும் தெரிந்துகொண்ட பிள்ளை, நாளைக்கு எவன் வந்து சாதி சொல்லித் தூண்டினாலும், "எங்க வயலுக்குக் காவல் நின்னவங்க அவங்கதான்" என்று சொல்லும். மறைத்தால்தான் சண்டை வரும்.

செய்ய வேண்டியது

வருகிற டிசம்பர் 25 வெண்மணி தினத்துக்கு முன்னால் ஒவ்வொரு கிளையிலும் ஒரு ராத்திரி கூடுவோம். மேடை வேண்டாம், மைக் வேண்டாம், பொன்னாடை வேண்டாம். பெரியவர் நடுவில் உட்காரட்டும். தலைவர்கள் கீழே உட்காரட்டும். நடக்க முடியாதவர் வீட்டுக்கு நாம் போவோம்.

கிளைக்கு இரண்டு இளைஞர், அதில் ஒருவர் பெண், நோட்டுப் புத்தகமும் செல்போனுமாக வர வேண்டும். பாட்டிகள் ஆம்பளைகள் முன்னால் சொல்லாத சங்கதி நிறைய உண்டு. ரவிக்கை போட்டதற்கு ஏச்சு வாங்கியது, பிள்ளையை வரப்பில் போட்டுவிட்டு நட்டது, இதையெல்லாம் பெண்களிடம்தான் சொல்லுவார்கள்.

வருடம் கேட்டால் அவர்களுக்குத் தெரியாது. புயலை வைத்துக் கேளுங்கள். 1952 புயலுக்கு முன்னயா பின்னயா? 1977 புயலப்போ உங்க மூத்த மகனுக்கு என்ன வயசு? கணக்கு தானாக வந்துவிடும். அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள், திருத்தாதீர்கள். அழுதால் நிறுத்துங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். பெயர் போடலாமா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். எழுதி முடித்ததை அவர்களுக்கே ஒரு தடவை படித்துக் காட்டி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். ஒரு பிரதி அந்த வீட்டில் இருக்க வேண்டும், ஒன்று சங்கத்தில்.

பட்டாவும் குத்தகைப் பதிவும் கேட்டு மனுக் கொடுக்கிற நாளில் இந்த நோட்டுகளையும் கையில் எடுத்துக்கொண்டு ஊர்வலமாகப் போவோம். பெரியவர்கள் முன்னால் நடப்பார்கள். காகிதம் எங்கே என்று இனி எவர் கேட்டாலும், அவர்களை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கேட்கட்டும்.

நாற்று முற்றினால் நடவு வீண். இதுவும் அப்படித்தான். அடுத்த போகம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ள முடியாது. உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறவரிடம் இன்று ராத்திரியே கேளுங்கள்!

போராடிப் பெற்றது பிச்சை அல்ல!
பார்த்தவர் சொல்லே நம் பட்டயம்!
வெண்மணித் தியாகிகளுக்கு வீரவணக்கம்!
திரண்டு வாரீர்! திரண்டு வாரீர்!

இவண்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம்