ஊஞ்சலாடும் பாலமும் மூன்று ஸ்பூன் சர்க்கரையும்

கப்பல் பயணத்தைப் பற்றி எழுதுகிறேன் என்று போன இதழில் சொல்லியிருந்தேன் அல்லவா? எத்தனையோ துறைமுகங்கள் பார்த்தோம். ஆனால் என் மனசில் நிற்பது குரசாவ் தீவின் வில்லம்ஸ்டாட் ஊர்தான். காரணம் அதன் அழகு மட்டும் அல்ல, அங்கே நான் செய்த ஒரு தவறும்தான்.

கரீபியன் கடலில், வெனிசுலா நாட்டுக்கு வடக்கே இருக்கிறது குரசாவ். நம் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் இருந்தார்களே டச்சுக்காரர்கள், அவர்கள் 1634ல் இதைப் பிடித்தார்கள். ஊரின் நடுவே கடல் ஒரு வாய்க்கால் போல உள்ளே வருகிறது. ஒரு கரை புண்டா, எதிர்க்கரை ஓட்ரபண்டா. 'ஓட்ரபண்டா' என்றாலே 'அக்கரை' என்றுதான் அர்த்தமாம்!

எங்கள் கப்பல் நின்றது அக்கரையில். சின்னவனுக்குக் காய்ச்சல் என்று அவர் கப்பலிலேயே தங்கிவிட, நான், அத்தை, எட்டு வயது மகள் மூவருமாகக் கிளம்பினோம்.

தண்ணீர் ஓரமாக வரிசையாய் வீடுகள். மஞ்சள், ரோஸ், நீலம், பச்சை என்று நவராத்திரிக் கொலுப்படி மாதிரி! வெள்ளைச் சுவரில் வெயில் பட்டுக் கண் கூசி, 1817ல் ஒரு கவர்னருக்குத் தலைவலி வந்ததாம். "இனி யாரும் வெள்ளை அடிக்கக் கூடாது" என்று உத்தரவு போட்டாராம். அவருக்கே பெயிண்ட் கடையில் பங்கு இருந்தது என்றும் ஒரு கதை சொல்கிறார்கள். "கெட்டிக்கார மனுஷன்!" என்று சிரித்தார் அத்தை.

இரண்டு கரைகளையும் இணைப்பது ராணி எம்மா பாலம். 1888ல் முதலில் கட்டியது. தூண்கள் கிடையாது. வரிசையாக மிதக்கும் படகுகளின் மேல் பலகை போட்டிருக்கிறார்கள். கப்பல் வந்தால் பாலம் முழுவதுமே கதவு மாதிரி ஒரு பக்கமாகத் திறந்துவிடும்! அந்தக் காலத்தில் செருப்பு போட்டவர்களுக்குக் கட்டணம், வெறுங்காலோடு வந்தால் இலவசமாம். பணக்காரர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடந்தார்கள் என்று சொல்கிறார்கள். எந்த ஊரானாலும் மனுஷாள் ஒன்றுதான் போங்கள்.

கடை கடையாக நடந்து, மத்தியானம் பழைய மார்க்கெட்டின் சமையல்கூடத்துக்குப் போனோம். பெரிய பெரிய அண்டாக்களில் பெண்கள் சமைக்கிறார்கள். அட, நம் வெண்டைக்காய்! ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சாப்பாடு அது. 1863ல்தான் இங்கே அடிமை முறை ஒழிந்ததாம். கூடவே சோளமாவில் கிண்டிய 'ஃபுஞ்சி', அச்சாக நம் களிதான். ஆனால் வெண்டைக்காய்க் குழம்பில் மீனும் உப்புக்கண்டமும் போடுகிறார்கள். சைவமான அத்தை தயங்கினார். "இருக்கட்டும்மா, கப்பலுக்குப் போய்ச் சாப்பிட்டுக்கறேன்."

சரி என்று தலையாட்டினேனே, அதுதான் என் தவறு. அத்தைக்குச் சர்க்கரை வியாதி. காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு ஒரே ஒரு ரொட்டிதான் சாப்பிட்டிருந்தார்.

பாலத்துக்கு வந்தால் நீலக்கொடி! அப்படியென்றால் பாலம் வெகு நேரம் திறந்திருக்கும். படகில் இலவசமாகவே அக்கரைக்குக் கொண்டுவிடுவார்கள் என்று அங்கே நடந்தோம். அத்தைக்கு வியர்த்துக் கொட்டியது. "வெயில்தானே" என்று தண்ணீர் கொடுத்தேன். என் மகளைப் பார்த்து, என் நாத்தனார் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எனக்குச் சுருக்கென்றது. அதற்குள் மகள், "அம்மா, பாட்டி கை ஜில்லுன்னு இருக்கு, நடுங்குதும்மா!" என்றாள்.

அந்த வெயிலில் கை ஏன் ஜில்லிட வேண்டும்? சர்க்கரை இறங்கிவிட்டது! குளுகோஸ் பாக்கெட்டோ கப்பலில், பெட்டிக்குள்.

பக்கத்தில் ஜூஸ் விற்ற அம்மாளிடம் ஓடினேன். பாஷை தெரியவில்லை. அத்தையைக் காட்டி, சர்க்கரை டப்பாவைக் காட்டினேன். அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தம்ளரில் தண்ணீரும் சர்க்கரையும் கலக்கிக்கொண்டு ஓடி வந்தாள். நாற்காலி போட்டு, "துஷி, துஷி" என்று அத்தையின் முதுகைத் தடவினாள். கால் மணி நேரத்தில் அத்தை நிமிர்ந்து உட்கார்ந்து, "ஏம்மா அழறே?" என்றார். பிறகு ஒரு வாழைப்பழமும் பன்னும் சாப்பிட்டார். அந்த அம்மாள் காசு வாங்க மறுத்துவிட்டாள்.

வீட்டில் சர்க்கரை நோயாளி இருக்கிற சகோதரிகளே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்:

• இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் வேளைச் சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது. நிறைய நடக்கும் நாளில் இன்னும் கவனம் வேண்டும்.

• திடீர் வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல் எல்லாம் சர்க்கரை இறங்குவதன் அறிகுறிகள். வெயில் என்று விட்டுவிடாதீர்கள்.

• உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரை, அல்லது அரை தம்ளர் பழச்சாறு. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பால் மெதுவாகத்தான் வேலை செய்யும். கால் மணியில் தெளியவில்லை என்றால் மறுபடி கொடுங்கள். தெளிந்ததும் சாப்பாடு.

• நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். உடனே ஆஸ்பத்திரிதான்.

• சர்க்கரைப் பொட்டலம் பெட்டியில் அல்ல, கைப்பையில் இருக்க வேண்டும்.

'துஷி' என்றால் அவர்கள் பாஷையில் 'இனிப்பு' என்று கப்பலில் ஒருவர் சொன்னார். 'கண்ணு', 'செல்லம்' என்று நாம் கொஞ்சுவோமே, அதற்கும் அதே சொல்லாம். இப்போது என் கைப்பையில் எப்போதும் ஒரு சர்க்கரைப் பொட்டலம். "துஷி எடுத்துக்கிட்டியா?" என்று வாசலில் நின்று கேட்பவர் அத்தைதான்!