மழைக்கு முன் கட்டும் காப்பு

குளிர்நாடுகளில் ஓடிப் பழகியவர்களைப் பனி வீட்டுக்குள் தள்ளுகிறது. டொராண்டோவில் குடியேறிய தமிழர்க்கு டிசம்பர் முதல் மார்ச் வரை தெரு அந்நியமாகிவிடுகிறது. டிரெட்மில்தான் அவர்களுக்கு நடைபாதை. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட எல்லைச் சிற்றூர்களில் வாழும் நமக்கு அத்தகைய பனி இல்லை. மார்கழி விடியலிலும் ஒரு துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டால் போதும். நம்மை வீட்டுக்குள் அடைப்பது மழை. ஜூன் முதல் நாளை ஒட்டித் தொடங்கும் இடவப்பாதி செப்டம்பர் வரை நீள்கிறது. சற்றே மூச்சு விடுவதற்குள் ஐப்பசியில் துலாவர்ஷம் இடியும் மின்னலுமாக வந்து நிற்கிறது. ஆண்டின் பாதியளவு இவ்வாறு கழிகிறது. நமது குளிர்காலம் இதுதான்.

இக்காலத்தில் நடையும் ஓட்டமும் நின்றுபோவதைச் சிறிய செய்தியாக நாம் கருதிவிடக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நிகழ்ந்து 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. கேரளத்தில் அவ்விகிதம் 25.5 விழுக்காடு; அதாவது வயது வந்தோரில் நால்வருக்கு ஒருவர். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வயது வந்தோர் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்கிறது. நீரிழிவு உள்ள ஒருவர் மழையைக் காரணம் காட்டி மாத்திரையை நான்கு மாதம் நிறுத்துவதில்லை. ஆனால் மாத்திரைக்கு இணையாக மருத்துவர் எழுதிக் கொடுத்த நடையை மட்டும் தயக்கமின்றி நிறுத்திவிடுகிறார்.

மழையில் வெளியே நடப்பதிலும் இடர் உண்டு. களியக்காவிளை நோக்கிச் செல்லும் பழைய நெடுஞ்சாலையின் ஓரத்தில், தண்ணீர் தேங்கிய பள்ளத்துக்கும் விரையும் பேருந்துக்கும் நடுவே நடப்பவர் உடல்நலத்தைத் தேடிச் செல்கிறார் என்று சொல்வது கடினம். ஊடுவழிகளில் தேங்கிய நீர் எலிக்காய்ச்சலைக் கொண்டுவரலாம். பாதத்தில் உணர்வு மங்கிய நீரிழிவு நோயாளிக்குச் சிறு கீறலும் பெரும் துன்பமாகலாம். எனவே வீட்டுக்குள் நடக்கும் பொறியை நாடுவது அறிவுடைமையே. அதன்மேல் பத்தாவது நாளும் ஏறுவதற்கு மனம் இடம்கொடுக்குமா என்பதே கேள்வி.

அந்தப் பொறியின் வரலாறு மனத்துக்கு ஊக்கம் தருவதாக இல்லை. இங்கிலாந்தில் 1818இல் வில்லியம் கியூபிட் என்ற பொறியாளர் சிறைக் கைதிகளுக்காக மிதிசக்கரத்தை வடிவமைத்தார். கைதிகள் மணிக்கணக்கில் படி ஏறிக்கொண்டே இருந்தனர். பல சிறைகளில் அச்சக்கரம் எதையும் அரைக்காமல் வெறுமனே சுழன்றது. நம் நாட்டில் அதன் உறவினர் செக்கு. 1908இல் தண்டனை பெற்ற வ.உ.சிதம்பரனார் கோவைச் சிறையில் செக்கிழுத்த கொடுமையைத் தமிழர் மறப்பதில்லை. முடிவில்லாமல் ஒரே இடத்தில் சுற்றுவது மனிதனை வதைக்கும் என்பதை அன்றைய ஆட்சியாளர் நன்கு அறிந்திருந்தனர்.

அதே பொறிக்கு மருத்துவம் மறுபிறவி தந்தது. அமெரிக்க இதய மருத்துவர் ராபர்ட் புரூஸ் 1963இல் வகுத்த முறைப்படி, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தையும் சரிவையும் கூட்டி இதயத்தின் தாங்குதிறனை அளக்கிறார்கள். நம் மருத்துவமனைகளில் டி.எம்.டி. என்று வழங்கும் பரிசோதனை இதுவே. அங்கே ஒருவர் ஒவ்வொரு மூன்று நிமிடத்தையும் கடப்பது அவருக்கே தெரிகிறது. அதன் பயனும் தெரிகிறது. சிறையில் கைதிக்கு எதுவும் தெரியவில்லை. சலிப்பு ஒரே இடத்தில் நிற்பதால் மட்டும் வருவதன்று. உழைப்பின் விளைவு கண்ணுக்குத் தெரியாதபோது அது பெருகுகிறது என்பது நமது கருத்து.

இதற்குச் சான்று நெய்யாற்றின்கரை வட்டத்திலேயே உள்ளது. பாலராமபுரத்தில் தலைமுறைகளுக்கு முன் குடியேறிய தமிழ் நெசவாளர் வழிவந்தோர் இன்றும் குழித்தறியில் அமர்ந்து மிதிகட்டைகளை மாறி மாறி மிதிக்கின்றனர். நாள் முழுதும் மிதித்தும் ஓரடிகூட நகர்வதில்லை. ஆயினும் மாலையில் உருளையில் சுற்றிய துணி எத்தனை முழம் என்று அளந்து பார்க்க முடிகிறது. டிரெட்மில்லில் நடப்பவருக்கும் அத்தகைய துணி ஒன்று வேண்டும். அதற்கு ஒரு சிறு குறிப்பேடு போதும். நாள், நிமிடம், தூரம் ஆகிய மூன்று பத்திகள். ஒவ்வொரு நாளும் முந்தைய கூட்டுத்தொகையுடன் சேர்த்து எழுத வேண்டும். வங்கிப் புத்தகத்தில் இருப்பு ஏறுவதைக் கண்டு மகிழ்பவர்கள்தாமே நாம்! பாறசாலையில் தொடங்கிய கணக்கு, ஆடி முடிவதற்குள் நாகர்கோவிலையும் கடந்து கன்னியாகுமரியை எட்டிவிட்டது என்று வரைபடத்தில் குறித்துக்கொள்ளலாம். குழந்தைகளும் அதில் கலந்துகொள்வர்.

இரண்டாவது பாடத்தை ரப்பர் தோட்டம் கற்பிக்கிறது. மழைநீர் பட்டையில் வழிந்தால் பால் சிரட்டைக்கு வந்து சேராது, வெட்டு நின்றுபோகும். ஆகவே பருவமழை தொடங்குமுன் வெட்டுமுகத்துக்கு மேலே நெகிழித் தாளைப் பாவாடைபோல் மரத்தைச் சுற்றி ஒட்டி மழைக்காப்பு கட்டுகின்றனர். மழை கொட்டத் தொடங்கியபின் ஈரப்பட்டையில் அது ஒட்டாது. மனமும் அப்படித்தான். வானம் இருண்டு, போர்வை இதமாகி, தேநீரும் பழப்பொரியும் அழைக்கும் விடியலில் புதிய பழக்கம் எதுவும் ஒட்டுவதில்லை. சித்திரை, வைகாசியில் வெளியே நடக்கும்போதே வாரம் இரு நாள் பொறியில் நடந்து பழகியவருக்கு, ஆனி மழை ஒரு மாற்றமாகவே தோன்றாது. ரப்பர் மரத்தையும் நாள்தோறும் வெட்டுவதில்லை. இடைவெளி விட்டால்தான் மரம் நிலைக்கும். வாரத்தில் ஐந்து நாள், நாளொன்றுக்கு 30 நிமிடம் என்றால் 150 நிமிடம் நிறைந்துவிடும். எஞ்சிய இரு நாள் குற்ற உணர்வின்றி ஓயலாம்.

அந்த 30 நிமிடத்தையும் ஒரே துண்டாக எண்ண வேண்டியதில்லை. ஐந்து நிமிடம் மெதுநடை, பின் மூன்று நிமிட வேகநடையும் இரண்டு நிமிடத் தளர்நடையுமாக நான்கு சுற்றுகள், இறுதியில் ஐந்து நிமிடம் தணிப்பு என்று பகுத்துக்கொண்டால் மனம் அடுத்த மூன்று நிமிடத்தை மட்டுமே சுமக்கும். மனமே இல்லாத நாளில் பத்து நிமிடம் என்று மட்டும் உடன்படலாம். ஏறியவர் பெரும்பாலும் இறங்க மறந்துவிடுவார். நாகர்கோவில் பண்பலையோ திருவனந்தபுரம் வானொலியோ நல்ல துணை. துலாவர்ஷத்தின் இடி பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும் வருவதால் காலை வேளையே ஏற்றது. மின்னல் தொடங்கிவிட்டால் பொறியின் மின்னிணைப்பைப் பிடுங்கிவிட வேண்டும். பாதுகாப்புக் கொக்கியை ஆடையில் மாட்டாமல் ஏறக் கூடாது. இதயநோய் உள்ளவர்களும் இன்சுலின் போடுபவர்களும் மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொண்ட பின்னரே தொடங்க வேண்டும்.

இனிப் பணத்தைப் பற்றி. ஊக்கம் வரட்டும் என்று பொறி வாங்குவோர் பலர். தவணை மாதந்தோறும் தவறாமல் போகிறது. பொறியோ மழைக்காலத்தில் ஈரத்துணி உலர்த்தும் கொடியாகிவிடுகிறது. வங்கியின் இதழில் இதைச் சொல்வது சிலருக்கு வியப்பளிக்கலாம். இருப்பினும் சொல்வது நம் கடமை. பழக்கத்தைக் கடனாக வாங்க இயலாது. மூன்று மாதம் திண்ணையிலோ கூடத்திலோ முப்பது நிமிடம் தவறாமல் நடந்தவர் பொறி வாங்கட்டும். அந்த மூன்று மாதமும் தொடர் வைப்பில் ஒரு தொகையைப் போட்டு வந்தால், காலும் கையும் ஒருங்கே தயாராகிவிடும்.

இதைவிடச் சிறந்த வழியும் உண்டு. 1945இல் பி.என்.பணிக்கர் 47 நூலகங்களை ஒன்றுசேர்த்துத் தொடங்கிய இயக்கத்தால், சிற்றூர்தோறும் நூலகம் என்பது கேரளத்தில் இயல்பாயிற்று. தனித்தனியே நூல் வாங்க இயலாதவர்கள் கூடி வாங்கிப் படித்தனர். அதே வழியில் ஊர் நூலகத்தின் பக்க அறையிலோ கலை விளையாட்டு மன்றத்திலோ குடியிருப்போர் சங்கத்திலோ ஒரு பொறியை ஏன் வைக்கக் கூடாது? காலை ஐந்து முதல் ஒன்பது வரை எட்டுப் பேர் அரைமணி வீதம் பயன்படுத்தலாம். செலவு பகிரப்படும் என்பதைவிட, அடுத்த முறைக்காரர் வாசலில் குடையை மடக்கிக்கொண்டு நிற்கிறார் என்ற எண்ணமே ஒருவரைப் படுக்கையிலிருந்து எழுப்பிவிடும். வீட்டுப் பொறிக்கு அந்த ஆற்றல் இல்லை.

உழைக்கும் மக்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். நெசவாளர் மணிக்கணக்கில் அமர்ந்தே உழைக்கிறார். பால்வெட்டுபவருக்கு அடைமழையில் வேலை குறைகிறது. அவர்களின் பிள்ளைகள் கணினிமுன் அமர்ந்திருக்கின்றனர். நோய் யாருடைய தொழிலையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. மழைக்கு முன் தோட்டத்து மரங்களுக்குக் காப்பு கட்ட ஆள் அழைக்கும்போது, நம் கால்களுக்கான காப்பையும் அதே வாரத்தில் கட்டிவிடுவோம். மழை வழக்கம்போல் பெய்யட்டும். நம் கணக்கும் வழக்கம்போல் ஏறட்டும்.