32 ஈதர் கட்டினால் கணக்குப்பிள்ளை வேலை!

சேரவும் வரிசை, விலகவும் வரிசை

மறைமலை நகர் ஃபோர்டு தொழிற்சாலையில் 2022 ஜூலையில் கார் உற்பத்தி நின்றது. அங்கு வேலை பார்த்தவர்கள் கணக்கு முடித்து, தொகை வாங்கிக்கொண்டு வெளியேறினார்கள். உழைத்த பணம் மொத்தமாகக் கைக்கு வரும்போது, "எங்கே போடலாம்?" என்ற கேள்வியும் கூடவே வரும்.

இன்று அதற்குச் சொல்லப்படும் பதில்களில் ஒன்று, "ஸ்டேக்கிங்". கிரிப்டோ நாணயத்தைக் கட்டி வைத்தால் வருமானம் வருமாம். அது என்ன?

என்ன வேலை?

எத்தேரியம் என்பது உலகெங்கும் உள்ள கம்ப்யூட்டர்கள் சேர்ந்து எழுதும் பொதுக் கணக்குப் புத்தகம். அதன் நாணயம் ஈதர். 2022 செப்டம்பர் 15-ந் தேதி முதல், ஜாமீன் கட்டியவர்களே இந்தக் கணக்கைச் சரிபார்க்கிறார்கள். ஜாமீன், குறைந்தது 32 ஈதர்.

கட்டிய உடனே வேலை கிடைக்காது. தொழிற்சாலை வாசலைப் போல இங்கும் வரிசை உண்டு. முறை வந்ததும், சுமார் ஆறரை நிமிடத்துக்கு ஒரு தடவை "கணக்கு சரி" என்று கம்ப்யூட்டர் மூலம் வாக்களிக்க வேண்டும். குலுக்கலில் பெயர் விழுந்தால் புதிய பக்கமும் எழுதலாம். கூலி ஈதராகவே கிடைக்கும்.

கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தால் சிறு அபராதம். ஒரே பக்கத்துக்கு இரண்டு கணக்கு எழுதினால் ஜாமீனில் ஒரு பகுதி பறிபோகும், வேலையும் போகும். மீதியைப் பெறச் சுமார் 36 நாள் காத்திருக்க வேண்டும்.

வெளியேறும் வாசல்

ஒழுங்காக வேலை பார்த்தவரும் நினைத்த நேரத்தில் விலக முடியாது. எல்லோரும் ஒரே நாளில் போய்விட்டால் கணக்குக்குக் காவல் இராது அல்லவா? ஆகவே விலகவும் வரிசை. 2025 செப்டம்பரில் அது 40 நாளைத் தாண்டியது. 2020-ல் முதன்முதலாகக் கட்டியவர்களோ, 2023 ஏப்ரல் வரை பணத்தைத் தொடவே முடியவில்லை. காத்திருக்கும் நாளில் விலை சரிந்தால், நஷ்டம் கட்டியவருக்கே.

சாவி யாரிடம்?

32 ஈதர் பெருந்தொகை. ஆகவே சிறு முதலீட்டாளர் ஒரு நிறுவனத்தின் மூலம் கட்டுகிறார். அப்போது பெட்டிச் சாவி அந்த நிறுவனத்திடம் போய்விடுகிறது. 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் சந்தையில் சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவு போயின. அதனால் கணக்கு முடங்கிய ஒருவர் தொடுத்த வழக்கில், கிரிப்டோ நாணயமும் சொத்தே என்று 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. நல்ல தீர்ப்பு. ஆனால் அதற்கும் கோர்ட்டுப் படி ஏறவேண்டியிருந்தது!

வரியும் உண்டு. கிரிப்டோவை விற்ற லாபத்தில் 30 சதவீதம் அரசுக்கு. ஒன்றில் வந்த நஷ்டத்தை மற்றொன்றின் லாபத்தில் கழிக்கவும் வழியில்லை.

"வருமானம் எவ்வளவு?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: பணம் திரும்ப எத்தனை நாள்? சாவி யாரிடம்?