தபால் பையும் துண்டுக் கூலியும்

பாபநாசத்துக்கு மேலே, காரையாறு அணைக்கும் அப்பால், பொதிகை மலைக்காட்டினுள் இஞ்சிக்குழி என்றொரு காணிக் குடியிருப்பு உண்டு. நூறு பிராயத்தைக் கடந்தவர் என்று சொல்லப்பட்ட ஒரு மூதாட்டிக்கு அங்கே மாதந்தோறும் ஆயிரம் ரூபாய் முதியோர் உதவித்தொகையைக் கொண்டுபோய்க் கொடுத்து வந்த கிளைத் தபாலாபீஸ் போஸ்ட்மாஸ்டர் ஒருவரைப் பற்றி 2021-ஆம் வருஷம் பத்திரிகைகளில் செய்தி வெளிவந்தது. அணை நீரைப் படகில் கடந்து, பிறகு காட்டு வழியே கால்நடையாகச் சென்று திரும்ப ஒரு பகல் முழுவதும் ஆகுமாதலால், தமது ஓய்வு நாளான ஞாயிற்றுக்கிழமையையே அவர் அதற்குச் செலவிட்டு வந்தார் என்று அச்செய்தி கூறிற்று. படித்தவர்கள் எல்லோரும் பாராட்டினர், நாமும் பாராட்டினோம். ஆனால் பாராட்டியவர்களில் எத்தனை பேர் ஒரு கேள்வியைக் கேட்டனர்? இத்தகைய கிளைத் தபாலாபீஸ்களில் வேலை செய்கிறவர்கள் சர்க்கார் உத்தியோகஸ்தர்களா, அல்லரா?

ஆம் என்றும் சொல்லலாம், அல்ல என்றும் சொல்லலாம். அதுதான் இதிலுள்ள அநீதி. அதை இப்போது எடுத்துப் பேச வேண்டிய அவசியமும் நேர்ந்திருக்கிறது. ஏனெனில், பட்டணங்களில் சாப்பாட்டையும் சரக்கையும் வீட்டு வாசலில் கொண்டுவந்து தரும் கம்பெனிகளைக் கண்டு மயங்கிய சிலர், தபாலையும் அவ்வாறே நடத்தினால் என்ன என்று கேட்கின்றனர். மாதச் சம்பளம், பென்ஷன், லீவு என்ற பாரங்கள் எதற்கு? கையில் செல்போனும், ஏறிச் செல்ல ஒரு மோட்டார் சைக்கிளும் உடைய வாலிபர்கள் ஊர்தோறும் இருக்கின்றனர். உருப்படிக்கு இத்தனை ரூபாய் என்று கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. மறுநாள் அவன் வந்தால் சரி, வராவிட்டால் இன்னொருவன் வருவான். இத்தகைய தொழிலாளருக்கு ‘கிக்’ தொழிலாளர் என்று பெயர் வழங்குகிறது. 2020-21-இல் இந்தியாவில் அவர்கள் 77 லட்சம் பேர் என்றும், 2029-30-க்குள் 2 கோடியே 35 லட்சம் ஆவர் என்றும் நிதி ஆயோக் 2022-இல் கணக்கிட்டது. ஆகவே, இது அலட்சியம் செய்யத்தக்க வாதம் அன்று.

ஆனால், இந்த யோசனையைப் புதிய கண்டுபிடிப்பு என்று கொண்டாடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இதில் பெரும்பகுதியை நமது தபால் இலாகா வெள்ளையர் காலத்திலிருந்தே செய்து வருகிறது. கிராமங்களில் பள்ளி உபாத்தியாயரையோ, கடைக்காரரையோ பிடித்து, தினம் சில மணி நேரம் தபால் வேலையைப் பார்க்கச் செய்து, ஒரு சிறு படியைக் கொடுத்து அனுப்பும் ஏற்பாட்டை அன்னிய சர்க்கார் செய்துவைத்தது. ‘இலாகாவுக்குப் புறம்பான ஏஜெண்டு’ என்று அவர்களுக்குப் பெயர். உள்ளே வேலை செய்கிறவன், ஆனால் புறம்பானவன்! சுயராஜ்யம் வந்தது, புறம்பானவர் புறம்பாகவே நின்றனர். 2001-இல் ‘கிராமின் டாக் சேவக்’ என்று பெயர் மட்டும் மாறிற்று.

2020-ஆம் வருஷத்து விதிகள் இவர்களுடைய நிலையை ஒளிவுமறைவின்றிச் சொல்லுகின்றன. நாளொன்றுக்கு ஐந்து மணிக்கு மேல் இவர்களிடம் வேலை வாங்கலாகாது. 65 வயதுக்கு மேல் வைத்துக்கொள்ளலாகாது. ஜீவனத்துக்கு வேறு வருமானம் இவர்களுக்கு இருக்கவேண்டும். இலாகாவின் நிரந்தர ஊழியருக்குச் சமமாக இவர்களைக் கருதலாகாது. அதாவது, சர்க்காரே தான் கொடுக்கும் கூலி ஒரு குடும்பத்துக்குப் போதாது என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, மீதியை எங்கேனும் தேடிக்கொள் என்று எழுதி வைத்திருக்கிறது. கிளைத் தபாலாபீஸுக்கு இடம் பார்த்துத் தரும் பொறுப்பும் போஸ்ட்மாஸ்டர் தலையில்தான்.

2018 மே மாதத்தில் இவர்கள் நாடு முழுவதும் வேலை நிறுத்தம் செய்தனர். ஜூன் 6-ஆம் தேதி மத்திய மந்திரி சபை படியை உயர்த்தியது. நான்கு மணி வேலைக்கு உதவியாளருக்கு மாதம் 10,000 ரூபாய், போஸ்ட்மாஸ்டருக்கு 12,000. ஐந்து மணி வேலைக்கு முறையே 12,000-மும் 14,500-மும் ஆரம்ப விகிதங்கள். இவற்றின்மேல் பஞ்சப்படியும், ஆண்டுக்கு நூற்றுக்கு மூன்று வீதம் உயர்வும் உண்டு. பரீட்சை எழுதி நிரந்தரத் தபால்காரராகும் வழியும் சிலருக்குத் திறந்திருக்கிறது. இவற்றை நாம் மறைக்கவில்லை. ஆனால் இலாகா ஊழியருக்குள்ள சம்பள விகிதமோ, பென்ஷனோ இவர்களுக்குக் கிடையாது. வேலையிலிருந்து விலகும்போது ஒரு தொகையும், சந்தாத் திட்டம் ஒன்றும் உண்டு, அவ்வளவே. அன்று சர்க்கார் கூறிய கணக்குப்படி இவர்கள் 3 லட்சத்து 7 ஆயிரம் பேர். தேசத்தின் கிராமத் தபால் முழுவதும் இவர்கள் தோளில்தான் தொங்குகிறது.

இங்கே சட்டம் என்ன சொல்லுகிறது என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும். 1977-ஆம் வருஷம் ஏப்ரலில் ராஜம்மா வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பு அளித்தது. இலாகாவுக்குப் புறம்பான ஏஜெண்டுகளும் அரசாங்கத்தின் சிவில் பதவி வகிப்பவர்களே. ஆதலால் அரசியல் சட்டத்தின் 311-ஆவது ஷரத்து தரும் பாதுகாப்பு இவர்களுக்கும் உண்டு. உரிய விசாரணையின்றி இவர்களை நீக்க முடியாது என்று நீதிபதிகள் கூறினர். ஆகவே, தண்டிப்பதற்கு முன் சர்க்கார் உத்தியோகஸ்தன். சம்பளம் கொடுக்கும்போது மட்டும் புறம்பானவன்! இந்த விபரீதம் ஐம்பது வருஷமாக நடந்து வருகிறது.

தபாலை உருப்படிக் கூலிக்கு விடலாமா என்ற கேள்விக்கும் சட்டத்திலிருந்தே விடை கிடைக்கும். 1897-ஆம் வருஷத்துப் பொது வாசகச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, சரியான விலாசமிட்டு, கட்டணம் செலுத்தி, பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதம், மாறாக நிரூபிக்கப்பட்டாலன்றி, உரியவரிடம் சேர்ந்ததாகவே கொள்ளப்படும் என்கிறது. பதிவுத் தபால் 2025 செப்டம்பரில் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டபோதிலும் இத்தத்துவம் மாறவில்லை. நிலத்தை ஏலம் போடும் நோட்டீஸும், பாங்கி நோட்டீஸும், கோர்ட்டுச் சம்மனும் இந்த அனுமானத்தின்மேல்தான் நிற்கின்றன. சட்டம் இவ்வளவு நம்பிக்கை வைத்தது எவரிடத்தில்? ஒரு சபதத்துக்கும், ஒழுங்கு விதிக்கும், மேலதிகாரியின் விசாரணைக்கும் கட்டுப்பட்டு, நாளைக்கும் அதே தெருவுக்கு வரவேண்டியவனான ஒரு மனிதனிடத்தில். “கதவு பூட்டியிருந்தது” என்று அவன் எழுதினால் அது சாட்சியமாகிறது. இன்று வந்து நாளை மறைகிறவன், உருப்படி தீர்ந்தால் போதும் என்று செல்போனில் ஒரு பொத்தானைத் தொட்டுவிட்டுப் போகிறவன் எழுதினால் அதற்கு என்ன மதிப்பு? சேரன்மகாதேவியில் ஒரு குடியானவன் தன் பெயருக்கு வந்த நோட்டீஸைக் கண்ணால் காணாமலே வீட்டை இழப்பானாகில், அந்தப் பாவம் யாரைச் சேரும்?

இனிப் பணக் கணக்கைப் பார்ப்போம். திருநெல்வேலி ஜங்ஷனிலும் பாளையங்கோட்டையிலும் ஒரே தெருவில் இருபது பார்சல் கொடுக்கலாம். அங்கே துண்டுக் கூலி கட்டும். இஞ்சிக்குழிக்கு உருப்படி ஒன்றுக்கு என்ன விலை வைப்பது? நியாயமான கூலி கொடுத்தால் அந்த ஆயிரம் ரூபாயில் பெரும்பகுதி வழிச் செலவுக்கே போய்விடும். பட்டணத்து விகிதத்தைக் கொடுத்தால் ஒருவரும் போகமாட்டார். தாமிரபரணியின் தலையிலிருக்கும் காணிக் குடியிருப்பும், அது கடலோடு கலக்கும் புன்னைக்காயலும், நடுவிலுள்ள சிற்றூர்களும் ஒரே தபால்தலைக்கு ஒரே சேவை பெறுவதுதான் தபால் இலாகாவின் தர்மம். 2023 டிசம்பரில் ஆறு கரைபுரண்டு ஸ்ரீவைகுண்டம் வரை ஊர்கள் வெள்ளக்காடாயினவே; அத்தகைய நாளில் கம்பெனிக்காரர் ‘சேவை இல்லை’ என்று செல்போனில் அறிவித்துவிட்டுச் சும்மா இருக்கலாம். சர்க்கார் தபால் அப்படிச் சொல்லலாகாது.

துண்டுக் கூலியின் ருசி இந்த ஜில்லாவுக்குத் தெரியாததன்று. முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் நம் சகோதரிகள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கில் தலைமுறை தலைமுறையாக உழைக்கிறார்கள். “இவர்கள் எங்கள் தொழிலாளர் அல்லர், இலையை வாங்கிப் போய் வீட்டில் சுற்றித் தருகிறவர்கள்” என்று முதலாளிகள் வாதித்தனர். அந்த வாதத்தைப் பார்லிமெண்டு 1966-ஆம் வருஷத்துப் பீடித் தொழிலாளர் சட்டத்தில் நிராகரித்தது. வீட்டிலிருந்து பீடி சுற்றுகிறவர்களுக்கும் பிராவிடெண்டு நிதி உண்டு என்று சுப்ரீம் கோர்ட்டு 1985-இல் தீர்ப்புச் செய்தது. கூலியை எப்படி எண்ணிக் கொடுத்தாலும் உழைக்கிறவன் தொழிலாளியே என்ற இந்தத் தத்துவத்தையே, மோட்டார் ஓட்டிகள் விஷயத்தில் 2021 பிப்ரவரியில் இங்கிலாந்தின் சுப்ரீம் கோர்ட்டும் ஒப்புக்கொண்டது. பீடிக்கு ஒப்புக்கொண்ட நியாயம் தபாலுக்கு மட்டும் ஏன் கூடாது?

எதிர்க்கட்சி வாதங்களையும் கூறிவிடுவோம். கடிதம் எழுதுவோர் குறைந்துவிட்டனர் என்பது மெய்யே. டென்மார்க்கில் 1624 முதல் நடந்துவந்த அரசுத் தபால், 2025 டிசம்பர் 30-ஆம் தேதியோடு கடிதம் கொடுப்பதையே நிறுத்திவிட்டது. நம் நாட்டிலும் 2023-ஆம் வருஷத்துத் தபால் சட்டம், கடிதம் எடுத்துச் செல்வதில் சர்க்காருக்கிருந்த ஏகபோகத்தைக் கைவிட்டது. ஒரு கிளை ஆபீஸில் சில நாட்களில் அரை மணி வேலைகூட இராது. அதற்கு முழுச் சம்பளம் எப்படி என்று கேட்கலாம். நிரந்தர உத்தியோகம் கிடைத்தவுடன் சிலர் சோம்புகின்றனர் என்பதும் பொய்யன்று. வேறு தொழிலோடு இதையும் பார்க்க விரும்பும் வாலிபர்களும் இருக்கின்றனர். 2024-இல் இவ்வேலைக்கு 44,228 இடங்கள் விளம்பரமாயின; மனுச் செய்தவர்களை எவரும் பலவந்தம் செய்யவில்லை.

இவற்றுக்கு நமது பதில் சுருக்கமானது. அரைநேர வேலைக்கு முழுச் சம்பளம் கேட்கவில்லை. அரைச் சம்பளம் கேட்கிறோம். அரைப் பென்ஷன் கேட்கிறோம். குறைவது நேரமாயிருக்கலாம், மனிதன் குறைந்துவிடவில்லை. கடிதம் குறைந்த இடத்தில் சேமிப்புக் கணக்கு, இன்ஷூரன்ஸ், பாங்கிப் பணம் என்று புதிய வேலைகளை இலாகாவே இவர்கள்மேல் ஏற்றி, இத்தனை கணக்குப் பிடித்துவா என்றும் சொல்லுகிறது. வேலையைச் சேர்க்கும்போது காலத்தை அளக்காமல், கூலி கொடுக்கும்போது மட்டும் நிமிஷத்தை அளப்பது வியாபாரியின் கணக்கேயன்றி அரசின் கணக்கன்று. சோம்பேறியைத் தண்டிக்க விதிகள் இருக்கின்றன. அவனைக் காட்டி உழைப்பவனின் சோற்றைக் குறைப்பது தண்டனையாகாது. மனுச் செய்தான் என்பதால் ஒப்பந்தம் நியாயமாகிவிடாது. வேலையில்லாதவன் எதற்கும் கையெழுத்திடுவான்.

இந்திய சர்க்கார் கம்பெனிகளுக்கு என்ன உபதேசம் செய்கிறது என்று பாருங்கள். 2020-ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2025 நவம்பர் 21-ஆம் தேதி அமுலுக்கு வந்தது. ‘கிக்’ தொழிலாளரை வைத்து நடத்தும் கம்பெனிகள் தங்கள் வருஷ வரவில் நூற்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டு வரை அவர்களுடைய நலநிதிக்குக் கொடுக்கவேண்டும் என்று அது விதிக்கிறது. நல்லது, நாம் வரவேற்கிறோம். தமிழ்நாட்டு சர்க்கார் 2023-இல் இத்தகைய தொழிலாளருக்கு ஒரு நல வாரியம் அமைத்ததையும் வரவேற்கிறோம். ஆனால் ஊருக்கு உபதேசம் செய்கிறவர் முதலில் தம் வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டாமா? இலாகா ஊழியருக்குச் சம்பளக் கமிஷன். இவர்களுக்கு மட்டும் ஒதுக்குப்புறமாய் ஒரு கமிட்டி என்பதே வழக்கமாகிவிட்டது. ராஜன் கமிட்டி, சவூர் கமிட்டி, தல்வார் கமிட்டி, நடராஜ மூர்த்தி கமிட்டி, கமலேஷ் சந்திரா கமிட்டி என்று பெயர்கள் நீண்டன. படி சிறிது நீண்டது. அந்தஸ்து ஓர் அங்குலமும் நகரவில்லை.

சர்க்கார் செய்யவேண்டியது இது. நேரத்துக்கு ஏற்ற விகிதத்தில் இலாகா ஊழியரின் சம்பளமும் லீவும் பென்ஷனும் இவர்களுக்கு வழங்கவேண்டும். சம்பளக் கமிஷனின் விசாரணையில் இவர்களையும் சேர்க்கவேண்டும். நிரந்தரத் தபால்காரர் இடங்களை வெளிக் கூலிக்கு விடாமல், நீண்டகாலம் உழைத்த இவர்களைக்கொண்டே பெரும்பாலும் நிரப்பவேண்டும். தீபாவளி போன்ற காலங்களில் பார்சல் குவியும்போது வெளியாட்களை வைத்துக்கொள்வதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு உருப்படிக் கணக்கில் அல்ல, மணிக் கணக்கில் கூலியும், விபத்து நேர்ந்தால் நஷ்டஈடும் இருக்கட்டும். கடிதமும், நோட்டீஸும், ஏழையின் உதவிப் பணமும் மட்டும் அரசின் ஊழியன் கையாலேயே கொடுக்கப்படட்டும்.

1908-ஆம் வருஷம் பிப்ரவரி, மார்ச்சில் தூத்துக்குடிக் கோரல் மில் தொழிலாளர் ஸ்ரீ சிதம்பரம் பிள்ளையின் தலைமையில் வேலை நிறுத்தம் செய்து, கூலி உயர்வும் ஓய்வும் பெற்றனர். அவரும் ஸ்ரீ சிவாவும் கைதானதும், மார்ச்சு 13-ஆம் தேதி திருநெல்வேலியில் ஜனங்கள் கொதித்தெழுந்தபோது, தபாலாபீஸும் அவர்களுடைய கோபத்துக்கு இலக்காயிற்று. அன்று அது அன்னியனுடைய கட்டிடம். இன்று அது நம்முடையது. அதன் பையைச் சுமக்கிறவனும் நம்முடையவன். அன்னியன் தன் செலவைக் குறைக்க ‘புறம்பானவன்’ என்று பெயரிட்டதை நாம் இன்னும் எத்தனை காலம் வைத்துக்கொண்டிருக்கப் போகிறோம்? இதை இந்த ஜில்லாவின் பார்லிமெண்டு அங்கத்தினர்களும், தொழிலாளர் ஊழியர்களும் டில்லிக்குக் கேட்கும்படி எடுத்துச் சொல்லவேண்டும். காரையாற்றைப் படகில் கடந்த மனிதரைப் புகழ்ந்து எழுதியது போதும். அவரைப் போன்றவர்களை அரசின் ஊழியர் பட்டியலில் சேர்த்து எழுதவேண்டிய காலம் இது.