இன்னும் முடிவு பண்ணலக்கா

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் சாயங்காலம், பெரும்பாக்கத்தில் நாங்கள் நடத்தும் மாலைப் பள்ளிக்கு அந்தப் பொண்ணு வந்தாள். நல்ல மார்க். மயிலாப்பூர் கால்வாய் ஓரத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து அடுக்கு வீட்டில் போடப்பட்ட குடும்பம். அம்மா இன்னும் விடியற்காலை பஸ் பிடித்து அதே மயிலாப்பூருக்குப் பாத்திரம் தேய்க்கப் போகிறார். குடியிருக்கத்தான் நாம் அங்கே ஆகாது, தேய்க்க ஆகும்.

"என்னம்மா படிக்கப் போறே?"

"தெரியலக்கா. இன்னும் முடிவு பண்ணல."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், நம்ம ஆளுதான், உடனே சொன்னார்: "தெரியலன்னா டி.நகர் துணிக்கடைக்கு அனுப்பு. தெரிஞ்சப்புறம் படிக்கட்டும்."

அவளுடைய அம்மா வேலை செய்யும் வீட்டிலும் ஒரு பையன் அதே வருஷம் பிளஸ் டூ முடித்திருக்கிறான். அவனும் இதையேதான் சொல்லியிருக்கிறான். அங்கே என்ன நடந்தது தெரியுமா? பணம் கட்டி ஒரு ஆலோசகரிடம் கூட்டிப் போனார்கள். என்னமோ டெஸ்ட் வைத்தார்களாம். அவசரமில்லை, ஒரு வருஷம் சும்மா இருந்து யோசிக்கட்டும் என்று முடிவாயிற்று. இதை அந்தம்மா என்னிடம் ஆச்சரியமாகச் சொன்னார், பொறாமையாகக்கூட இல்லை. ஒரே வார்த்தைதான். அந்த வீட்டில் அதற்குப் பெயர் தேடல். நம்ம வீட்டில் அதற்குப் பெயர் மக்கு.

இன்ன படிப்பு என்று முடிவு செய்யாமல் கொஞ்ச நாள் இருப்பது ஒரு சொத்து. வீடு, நிலம் போல அதுவும் சாதிவாரியாகத்தான் இந்த ஊரில் பங்கு பிரிக்கப்பட்டிருக்கிறது. இதை நான் சும்மா சொல்லவில்லை. சென்னை மாகாண வரலாற்றிலேயே பெரிய 'காலேஜ் அட்மிஷன்' வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். செண்பகம் துரைராஜன் என்ற பார்ப்பனப் பெண்மணி பி.ஏ. முடித்தது 1934இல். மருத்துவம் படிக்க வேண்டும் என்று உயர்நீதிமன்றப் படியேறியது 1950இல். நடுவில் பதினாறு வருஷம். யாராவது சிரித்தார்களா? "இத்தனை நாள் என்னம்மா பண்ணினே" என்று கேட்டார்களா? அவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை. விசாரித்ததில் இடம் கிடைக்காது என்று தெரிந்ததாம், அதனால் போடவில்லையாம். பொறியியல் கல்லூரிக்கு மனுப் போட்ட சீனிவாசன் என்பவரின் வழக்கும் கூடவே நடந்தது. வாதாட வந்தவர்களில் ஒருவர், அரசியல் சட்ட வரைவுக் குழுவிலேயே உட்கார்ந்திருந்த அல்லாடி கிருஷ்ணசாமி அய்யர். வகுப்புவாரி அரசாணைப்படி 14 இடத்தில் பார்ப்பனருக்கு 2, நமக்கு 2. இந்த 2 போதவில்லை என்பதுதான் அவர்களுடைய வழக்கு. 1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அந்த ஆணையையே தூக்கியடித்தது. பிறகு தமிழ்நாடு கொதித்து, அதே ஆண்டு அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து, 15(4) சேர்ந்தது.

விண்ணப்பம் போடாதவருக்கு உச்சநீதிமன்றம். விண்ணப்பம் போட்டவர்களுக்கு என்ன கிடைத்தது? என் கதையைச் சொல்கிறேன்.

2007இல் நான் ஒரு கல்லூரிக்குப் போனேன். எந்தக் கல்லூரி என்பது இங்கே முக்கியமில்லை, எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தன. எனக்கு வரலாறும் பிடிக்கும், தாவரவியலும் பிடிக்கும். எது என்று தெரியாமல்தான் போய் நின்றேன். கவுண்டரில் இருந்தவர் சர்டிபிகேட்டைப் புரட்டினார். சாதிச் சான்றிதழில் கை நின்றது. "கோட்டாவா? தமிழ்ல ஒண்ணு காலியாக் கெடக்கு, போட்டுக்கோ." அவ்வளவுதான். என் அப்பா இரண்டு கையையும் கூப்பினார். நான் எம்.ஏ. தமிழ் ஆனது இப்படித்தான். தமிழை நான் பிற்பாடு நேசித்தேன், அது வேற விஷயம். கட்டி வைத்த பிறகு பிரியம் வருவதில்லையா, அப்படி.

முதல் வருஷம் வகுப்பில் ஒருவர் வந்து, "எஸ்.சி. ஸ்காலர்ஷிப் எல்லாம் எழுந்து நில்லுங்க, பேர் எழுதணும்" என்றார். நின்றோம். அதுவரை என் டிபன் பாக்ஸில் கைவிட்டுச் சாப்பிட்டவள் மறுநாள் வயிறு சரியில்லை என்றாள். மூன்று வருஷமும் அவளுக்கு வயிறு சரியாகவில்லை.

இரட்டைமலை சீனிவாசன் தன் வாழ்க்கைச் சுருக்கத்தில் கோயமுத்தூரில் படித்த காலத்தைச் சொல்கிறார். நானூறு பிள்ளைகளில் பத்துப் பேர் போக மிச்சமெல்லாம் பார்ப்பனப் பிள்ளைகள். சாதி தெரிந்துவிடுமே என்று யாரோடும் பழகாமல், வெளியே எங்காவது படித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவாராம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவருக்கு மணி அடிக்கும்வரை ஒளிய இடமாவது இருந்தது. எங்களை மணி அடித்த பிறகு எழுப்பி நிறுத்தினார்கள்.

இப்போது கல்லூரிகள் வழவழ காகிதத்தில் புத்தகம் போடுகின்றன. அட்டையில் நாலு நிறத்தில் நாலு பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பன்முகத்தன்மையாம். அனைவரையும் வரவேற்கிறதாம். ஐயா, வரவேற்பு என்பது வாசலில் சந்தனம் கொடுப்பதா? யார் யாரை வரவேற்பது? வரியில் நடக்கிற காலேஜுக்கு நாங்கள் விருந்தாளிகளா?

அடையாறு வரவேற்பு எப்படிப்பட்டது என்று நமக்குப் பழைய அனுபவம் உண்டு. 1894இல் கர்னல் ஆல்காட் ஊரூர் பக்கத்தில் பஞ்சமர் இலவசப் பள்ளி தொடங்கினார். நம் பிள்ளைகள் எழுத்துக் கற்றார்கள், மறக்கக் கூடாது. அவருக்குப் பின் அதே பிரம்மஞான சபைக்குத் தலைவராக வந்த அன்னி பெசன்ட் 1909இல் என்ன எழுதினார்? தாழ்த்தப்பட்ட பிள்ளைகளை மற்ற பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் உட்கார வைக்கக் கூடாது, தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்ட சாப்பாட்டாலும் குடியாலும் உடம்பே நாறுகிறது, முதலில் சுத்தம் சொல்லிக்கொடுங்கள் என்று எழுதினார். அண்ணல் அம்பேத்கர் அதை விடாமல் எடுத்துத் தன் நூலில் போட்டார். நாம் இன்றைக்கு அந்த அம்மையார் பெயரிலுள்ள நகரின் கடற்கரையில் காற்று வாங்குகிறோம்.

அது போன நூற்றாண்டு என்பீர்கள். அதே அடையாறு பக்கம் ஐ.ஐ.டி. இருக்கிறது. 2015 மே மாதம் அங்கே அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தின் அங்கீகாரத்தைப் பிடுங்கினார்கள். நாடு முழுக்கச் சத்தம் எழுந்த பிறகு ஜூனில் திருப்பிக் கொடுத்தார்கள். 2018 டிசம்பரில் அங்கே ஒரு சாப்பாட்டுக் கூடத்தில் சைவக்காரர்களுக்குத் தனி வாசல், தனிக் கை கழுவும் தொட்டி என்று தாள் ஒட்டினார்கள். எதிர்ப்பு வந்ததும் கிழித்தார்கள். தாளைக் கிழித்தார்கள், சரி. ஒட்டிய கை எங்கே போகும்?

பார்ப்பானை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால் நம்ம சூத்திர நண்பர்கள் கைதட்டுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். தி.நகர் என்பதே தியாகராயர் பெயர். நடுவில் இருக்கிற பூங்கா பனகல் அரசர் பெயர். எல்லாம் நீதிக்கட்சி. அந்த நீதி நம்ம பிள்ளைக்கு எவ்வளவு தூரம் வந்தது? ரங்கநாதன் தெருவரைக்கும் வந்தது. அங்கே துணி மடித்துப் போட்டு நாளெல்லாம் நிற்கிற பிள்ளைகளுக்கு உட்கார ஒரு ஸ்டூல் வேண்டும் என்று சட்டம் திருத்தவே 2021 ஆனது. சட்டக் கல்லூரிக்கு அம்பேத்கர் பெயர். ஆனால் 2008இல் தேவர் ஜெயந்திக்கு அடித்த போஸ்டரில் அந்தப் பெயரை மட்டும் கவனமாக விட்டுவிட்டு அச்சடித்தார்கள். நவம்பர் 12 அன்று நடந்த அடியை டி.வி. திரும்பத் திரும்பக் காட்டியது. அடியை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் போஸ்டரை எத்தனை பேர் காட்டினார்கள்? கிறித்தவ நிர்வாகங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை: நம்மில் மதம் மாறியவரை அரசுப் பதிவேடு பி.சி. என்கிறது, கல்லறையில் சுவர் நம்மைப் பறையர் என்கிறது. சிறுபான்மைக் கல்லூரிகளை இடஒதுக்கீட்டுக் கட்டாயத்திலிருந்து 15(5) விலக்கி வைத்திருக்கிறது. சட்டம் கேட்காத இடத்தில் மனசாட்சி எத்தனை இடம் கொடுக்கிறது என்று ஒவ்வொரு நிர்வாகமும் கணக்கு வெளியிடட்டுமே.

அப்ப எந்தக் காலேஜைத்தான் பார்க்கிறது? நான் அந்தப் பொண்ணிடம் சொன்னது இதுதான். அட்டைப் படத்தைப் பார்க்காதே. ஸ்காலர்ஷிப் பிரிவு எங்கே இருக்கிறது என்று கேள். மாடிப்படிக்குக் கீழே இருட்டு அறையைக் காட்டினால் புரிந்துகொள். போன வருஷம் சேர்ந்த நம்ம பிள்ளைகளில் எத்தனை பேர் இரண்டாம் வருஷத்துக்கு வந்தார்கள் என்று கேள். அதைத்தான் எந்தப் புத்தகத்திலும் போடமாட்டார்கள். பாகுபாடு பற்றிய புகாரை விசாரிக்க ஒரு அலுவலர் இருக்க வேண்டும் என்று 2012இலேயே யுஜிசி விதி போட்டது. அவர் பெயரைக் கேள். கேட்டதும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டால் அதுவும் ஒரு பதில்தான். பாடம் நடத்துகிறவர்களில் நம்மவர் இருக்கிறாரா, பெருக்குகிறவர்களில் மட்டும் இருக்கிறாரா என்று பார். ஹாஸ்டலைப் போய்ப் பார். சைதாப்பேட்டை எம்.சி. ராஜா விடுதிப் பிள்ளைகள் நல்ல சோறும் தண்ணீரும் கக்கூசும் கேட்டு எத்தனை முறை தெருவில் உட்கார்ந்தார்கள்! 2025இல் அரசு விடுதிகளுக்கெல்லாம் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் வைத்தார்கள். நல்ல பெயர்தான். கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்பதும் சமூகநீதிதான்.

அப்புறம், முடிவு பண்ணாதவளுக்கென்று ஒரு கேள்வி இருக்கிறது. சேர்ந்த பிறகு மனசு மாறினால் என்ன செய்வீர்கள்? நம்ம கலைக் கல்லூரிகளில் பதினேழு வயதில் ஒரு பாடத்துக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். 2020இன் தேசியக் கல்விக் கொள்கை அந்தக் கதவைத் திறக்கிறேன் என்கிறது. எந்தக் கதவை? ஒரு வருஷத்தில் போனால் சான்றிதழ், இரண்டு வருஷத்தில் போனால் டிப்ளமோ. வெளியே போகிற கதவு நமக்கு எப்போதும் திறந்துதான் இருந்தது, அதற்கு ஒரு கொள்கை வேண்டியதில்லை. ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குப் போகிற கதவு எங்கே என்றுதான் கேட்கிறேன்.

"அரசுக் காலேஜ்னா கேவலமாக்கா?" என்று கேட்டாள்.

கடற்கரைச் சாலையில் ராணி மேரிக் கல்லூரியைக் காட்டிச் சொன்னேன். 1914இல் டோரதி டி லா ஹே தொடங்கியது, சென்னையின் முதல் பெண்கள் கல்லூரி. 2003இல் அதை இடித்துவிட்டுத் தலைமைச் செயலகம் கட்டப்போகிறோம் என்றார்கள். கேட்டை விட்டு நகராமல் போராடிக் காப்பாற்றியது மாணவிகள்தான். காசுள்ளவன் பிள்ளைக்கு அது போனால் இன்னொன்று. நமக்கு அது போனால் ரங்கநாதன் தெரு. இதற்காக அரசுக் கல்லூரியில் சாதி இல்லை என்று நான் சர்டிபிகேட் கொடுக்கவில்லை. இருக்கிறது. ஆனால் அங்கே நாம் நாலு பேராக நிற்க மாட்டோம், நாற்பது பேராக நிற்போம். டிபன் பாக்ஸை நகர்த்துகிறவள் நகர்த்திக்கொண்டு போகட்டும், சேர்ந்து சாப்பிட ஆள் இருக்கும்.

விண்ணப்பத்தை அன்றைக்கே போனில் போட்டோம். நமக்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது, பதிவுக்கு இரண்டே ரூபாய். வரலாறு, விலங்கியல், பொருளாதாரம் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் எழுதினாள். பெரியவர் எட்டிப் பார்த்து, "ஏதாவது ஒண்ணு சொல்லும்மா" என்றார். நான் அவரைச் சும்மா இருக்கச் சொன்னேன். திங்கட்கிழமை அவளும் நானும் வெள்ளை போர்டு பஸ்ஸில், காசு கொடுக்காமல்தான், இரண்டு காலேஜுக்குப் போய்ப் பார்க்கப் போகிறோம். முதலில் ஹாஸ்டல், அப்புறம் கேன்டீன். பிரின்சிபால் ரூமுக்கு நேரம் இருந்தால்.