எழுத்து மறைந்தால் குற்றம் போனில் இல்லை

புதுச்சேரி நேரு வீதியை ஒட்டிய சந்தில் நெட் சென்டர் வைத்திருக்கிறேன். கல்லூரிச் சேர்க்கை தொடங்கிவிட்டால் அரியாங்குப்பம், வில்லியனூர் பக்கமிருந்தெல்லாம் விண்ணப்பம் நிரப்ப ஆட்கள் வருவார்கள். போன சீசனில் ஒரு அம்மா போனை நீட்டினார்: "தம்பி, பேரு அடிக்கிறேன், ஒண்ணுமே விழமாட்டேங்குது." பெயருக்கான கட்டத்தில் விரலை வைத்து அழுத்திப் பிடித்தேன். நீலப் பட்டை விழுந்தது. அதற்குள் மகளின் பெயர் அடுத்தடுத்து மூன்று முறை இருந்தது. கறுப்புக் கட்டத்தில் கறுப்பு எழுத்து. சார்ஜ் குறைந்ததால் பேட்டரி சேவர் போட்டிருக்கிறார். அதோடு திரையைக் கறுப்பாக்கும் டார்க் மோடும் தானாக வந்துவிட்டது. ஆண்ட்ராய்டு 10 முதல் பல போன்களில் இப்படித்தான்.

இந்த மாதிரி வருகிறவர்கள் எல்லோரும் "எனக்குத்தான் போன் பார்க்கத் தெரியல" என்று கூச்சப்படுகிறார்கள். அது எனக்கு வேதனையாக இருக்கிறது. தப்பு அவர்களுடையது அல்ல.

இணையப் பக்கத்தை எழுதுகிறவர் எழுத்தின் நிறத்தைக் கறுப்பு என்று குறித்துவிட்டு, பின்னணி நிறத்தைக் குறிக்காமல் விட்டுவிடுகிறார். வெளிச்சத் திரையில் பின்னணி வெள்ளையாக வரும், குறை தெரியாது. டார்க் மோடில் பின்னணி கறுப்பாகும்போது எழுத்து மறைகிறது. பின்னணி இல்லாத படமாகச் சேமித்த முத்திரைக்கும், கேப்ச்சாவுக்கும், க்யூஆர் கோடுக்கும் இதே கதிதான். சரிசெய்வது பெரிய வேலை இல்லை. எழுத்து, பின்னணி இரண்டின் நிறத்தையும் சேர்த்தே குறிக்க வேண்டும். படத்துக்கு அடியில் வெள்ளை கொடுக்க வேண்டும்.

அவசரத்துக்கு நான் சொல்லும் வழி இது. முதலில் பேட்டரி சேவரை அணையுங்கள். சரியாகாவிட்டால் பிரவுசரின் செட்டிங்ஸில் தீம் என்பதை 'லைட்' என்று மாற்றிப் பக்கத்தைத் திரும்பத் திறங்கள். கம்ப்யூட்டரில் டார்க் ரீடர் போன்ற நீட்சி இருந்தால் அந்தத் தளத்துக்கு மட்டும் நிறுத்துங்கள்.

ஆனால் இது முதலுதவிதான். டார்க் மோடை அணைத்துவிடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிவிட முடியாது. கண்புரை உள்ள பலருக்கு வெள்ளைத் திரையின் ஒளி கண்ணுக்குள் சிதறிக் கூசும். கறுப்பில் வெள்ளை எழுத்துதான் அவர்களுக்குப் படிக்க வரும். அவர்களுக்கு அது அலங்காரம் இல்லை, தேவை.

சட்டமும் அவர்கள் பக்கம்தான். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மின்னணுச் சேவைகள் எல்லோரும் அணுகும்படி இருக்க வேண்டும் என்கிறது. டிஜிட்டல் அணுகல் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வேறுபாடு வேண்டும் என்பது உலகம் ஏற்ற அளவுகோல். மத்திய அரசு தன் இணையதளங்களுக்கு வகுத்த நெறிமுறையும் அதை ஒட்டியதுதான்.

நம் ஊரில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள் இருக்கிறார்கள், பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பிரெஞ்சு அரசு தன் தளங்களுக்கென்று செய்து வைத்திருக்கும் வடிவமைப்புத் தொகுப்பிலேயே வெளிச்சம், இருள், கருவியில் உள்ளபடி என்று மூன்று தேர்வுகள் உண்டு. ஒரே தெருவில் இருக்கும் இரண்டு பேரில் ஒருவருக்குக் கிடைக்கும் வசதி மற்றவருக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

புதுச்சேரி அரசிடம் நான் கேட்பது இதுதான். எந்தத் துறைக்கு யார் தளம் செய்து கொடுத்தாலும், கடைசி பில்லைப் பாஸ் செய்வதற்கு முன் அதன் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் விலை குறைந்த ஒரு போனில், வெளிச்சத் திரையில் ஒரு முறை, டார்க் மோடில் ஒரு முறை, முழுதாக நிரப்பிப் பார்க்க வேண்டும். அரை நாள் வேலை. அதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அடுத்த சேர்க்கை தொடங்குவதற்குள் எழுதுங்கள். கடைசித் தேதி யாருக்காகவும் காத்திருப்பதில்லை.