ஊக்கும் ஃபெவிகாலும்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி ரோட்டில் போனால் கீழ்பென்னாத்தூர். மாமனார் ஊர். லீவுக்குப் போன இடத்தில் என் ஆறு வயசுப் பையன் ஏரிக்கரையில் சப்பாத்திக்கள்ளிப் பழத்தை வெறுங்கையால் பறித்துத் தின்றுவிட்டு வந்தான். வாயெல்லாம் சிவப்பு. கையெல்லாம் சுணை. ஊரைக் கூட்டும் அழுகை.

ஆபீஸில் மக்கர் பண்ணும் பிரிண்டரைச் சரிசெய்கிறவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தத் தைரியத்தில் ஊக்கை எடுத்தேன். மூணாவது குத்தில் பையன் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். “அப்பா வேணாம். அப்பா வராதே!”

சுருக்கென்றது. எனக்கு.

“வுடுங்க மாப்ளே, நோண்டுனா உள்ள பூந்துக்கும்” என்றார் மாமியார். சரியாகத்தான் சொன்னார். பெரிய முள் யோக்கியன், பிடுங்கினால் வரும். சுணை அப்படியில்லை. முடியைவிட மெல்லிசு. உடம்பெல்லாம் தூண்டில் மாதிரி பின்னோக்கிய செதில். தேய்த்தால் முறிந்து உள்ளேயே தங்கிவிடும்.

(கள்ளி நம்மூர்ச் செடியே இல்லை, ஸார். அமெரிக்கச் சரக்கு. சாயப்பூச்சி வளர்க்க வெள்ளைக்காரன் கொண்டுவந்தது. வயல்வெளியெல்லாம் பரவி, 1926-ல் இலங்கையிலிருந்து வேறொரு பூச்சியை வரவழைத்துத்தான் அடக்கினார்கள். எங்கள் ஏரிக்கரைக்கு அந்தப் பூச்சி டூட்டிக்கு வரவில்லை போல.)

1987-ல் அமெரிக்காவில் இதை முயல் தோலில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ட்வீசர் மட்டும் 76 சதவிகிதம் எடுத்ததாம். ட்வீசருக்குப் பிறகு வெள்ளைப் பசை தடவி, கட்டுத்துணி ஒட்டி, காய்ந்ததும் உரித்தால் 95!

மனைவியின் புருவ ட்வீசர் வந்தது. ஜன்னல் வெயிலில் கையைச் சாய்த்துப் பிடித்தால் சுணை மினுக்கென்று தெரிகிறது. முளைத்த திசையிலேயே இழுக்க வேண்டும். பிறகு மச்சினன் மகளின் ஸ்கூல் பையிலிருந்து ஃபெவிகால். (ஃபெவிகுவிக் கூடாது! தோலோடு ஒட்டிக்கொள்ளும்.) மெல்லிசாகத் தடவி, மேலே கட்டுத்துணி. எல்லாம் மாமியார் கையால். நான் இரண்டடி தள்ளி நிற்க உத்தரவு.

அரைமணி நேரம் விசிறினோம். “நீயே உரிடா கண்ணு” என்றார் மாமியார். அழுகை நின்றது. நாக்கைத் துருத்திக்கொண்டு மெதுவாக உரித்தான். துணியில் பொன்னிறமாகச் சுணை. பதினேழு வரை எண்ணினான், அதற்கு மேல் அவனுக்குப் பொறுமையில்லை. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டோம்.

சாயங்காலம் மடியில் வந்து உட்கார்ந்தான். போகும்போது என் சட்டைப்பையிலிருந்த ஊக்கைக் காணவில்லை. நான் கேட்கவும் இல்லை.